சமத்துவ ஊருக்குப் போன படகில் காதல் வர்க்கம் தாண்டியதா?

வசதியான வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒருவரையொருவர் விரும்பினால் குறுக்கே நிற்பது எது? சொத்துதான் என்றனர் சிலர். வளர்ப்பு என்றனர் வேறு சிலர். திருமணம் என்ற ஏற்பாடே தடை என்று சொன்னவர்களும் உண்டு. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம் என்று நம்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பலர் குடும்பம் குடும்பமாக அமெரிக்கக் கண்டங்களுக்குக் கிளம்பினார்கள். போகிற இடத்தில் ஏழை, பணக்காரன் என்ற பேச்சே இருக்காது என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட உறுதி.

ஊருக்குப் போய்ச் சேர்வதற்குமுன் பயணம் ஒன்று இருந்தது. பழைய ஊரின் கட்டுப்பாடு கரையோடு நின்றுவிட்டது. புதிய ஊரின் விதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இடையில் சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள், பல தரப்பட்டவர்கள் ஒரே பலகைத் தளத்தில் வாழ்ந்தார்கள். இளவயதுக் காதல் வர்க்கக் கோட்டைத் தாண்டுவதற்கு இதைவிட நல்ல சூழல் அமையாது என்றுதான் நினைக்கத் தோன்றும். அப்படித் தாண்டியதா என்ற கேள்விக்குத் தத்துவவாதிகளும் நாவலாசிரியர்களும் சமூகவியலாளர்களும் பெண்ணிய வரலாற்றாசிரியர்களும் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறார்கள். 1825-26இல் ஒஹாயோ ஆற்றில் போன ஒரு படகையும், 1893இல் சிட்னியிலிருந்து கிளம்பிய ஒரு கப்பலையும் முன்னிறுத்தி அந்த விடைகளை இங்கே உரசிப் பார்க்கலாம்.

நாவல்கள் தந்த எளிய விடை

பழைய விடை நாவல்களில் இருக்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் எத்தியேன் கபே 1840இல் வெளியிட்ட 'இக்காரியாப் பயணம்' நூலில் கரிஸ்டல் என்ற ஆங்கிலப் பிரபு கப்பலேறிப் பொதுவுடைமை நாடொன்றுக்குப் போகிறான். அங்கே தினாயிஸ் என்ற பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறான். எட்வர்ட் பெல்லமியின் 'பின்னோக்கிப் பார்த்தல்' (1888) நாவலில் பாஸ்டன் பணக்காரன் ஜூலியன் வெஸ்ட் உறங்கி எழுந்து 2000ஆம் ஆண்டில் கண் விழிக்கிறான். அந்தச் சமத்துவ உலகத்தின் ஈடித் என்ற பெண்ணை விரும்புகிறான். இரண்டிலும் காதலுக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது: மேல்தட்டு விருந்தாளியைப் புதுக் கொள்கைக்கு மாற்றுவது. வாதத்தால் அசையாதவனைக் காதல் அசைத்துவிடுகிறது.

இந்த விடையின் பலவீனம் வெளிப்படையானது. எப்போதும் மேலிருந்து வருபவன்தான் காதலிக்கிறான். அவன் துணி துவைத்தவளோ, அவன் பெட்டியைத் தூக்கியவனோ புது நாட்டில் யாரை விரும்பினார்கள் என்று இந்த நாவல்கள் கேட்பதில்லை. புரூக் பார்ம் என்ற சமத்துவக் குடியேற்றத்தில் 1841இல் சில மாதங்கள் தங்கியிருந்த நத்தானியல் ஹாதோர்ன் மட்டும் வேறு விதமாக எழுதினார். அவருடைய 'பிளைத்டேல் ரொமான்ஸ்' (1852) கதையில் செல்வச் செழிப்புள்ள செனோபியாவும் ஏழைத் தையற்காரி பிரிசில்லாவும் முன்பு கொல்லராயிருந்த ஒருவனை விரும்புகிறார்கள். செனோபியா ஆற்றில் விழுந்து உயிரை விடுகிறாள். நேரில் பார்த்தவர் எழுதியது துன்பக் கதையாகவும் பார்க்காதவர்கள் எழுதியவை இன்பக் கதைகளாகவும் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஓவனின் வாதமும் ஓவனின் வாழ்க்கையும்

மனிதரின் குணம் சூழ்நிலையால் ஆவது, சூழ்நிலையை மாற்றினால் மனிதர் மாறுவர் என்பது ராபர்ட் ஓவனின் அடிப்படைக் கொள்கை. ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலையை நடத்திப் புகழ்பெற்ற அவர், 1825இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வாபாஷ் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 20,000 ஏக்கரோடு ஓர் ஊரையே விலைக்கு வாங்கினார். விற்றவர்கள் ஜார்ஜ் ராப்பின் சீடர்கள். இல்லற உறவையே விலக்கி வாழ்ந்த ஜெர்மானியப் பக்தர்கள். அந்த ஊருக்கு ஓவன் வைத்த பெயர் நியூ ஹார்மனி. 1826 ஜூலை 4ஆம் தேதி அங்கே பேசியபோது மனிதரை அடிமைப்படுத்தும் மூன்று தீமைகளாகத் தனிச்சொத்தையும் பகுத்தறிவுக்கு ஒவ்வாத மதத்தையும் இவ்விரண்டின்மேல் எழுந்த திருமணத்தையும் அடுக்கினார். சொத்துக் கணக்கு போகட்டும், விருப்பம் தானே சமமானவரைக் கண்டுகொள்ளும் என்பது அவர் எதிர்பார்ப்பு. 1884இல் எங்கெல்ஸ் குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலில் சொன்னதும் ஏறக்குறைய இதே திசையில்தான்: பொருளாதாரக் கணக்கு நீங்கினால்தான் பரஸ்பர விருப்பம் ஒன்றே மணத்தின் காரணமாகும்.

ஆனால் ஓவனின் சொந்த வாழ்க்கை வேறொன்றைச் சொல்கிறது. வேல்ஸ் நாட்டின் சிற்றூரில் குதிரைச் சேணம் செய்பவரின் மகன் அவர். சிறுவயதிலேயே துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். மணந்தது நியூ லானார்க் ஆலை முதலாளி டேவிட் டேலின் மகள் கரோலினை. பெண்ணுக்கு விருப்பம் இருந்தது, தகப்பனார் தயங்கினார். ஓவன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு அந்த ஆலையையே 60,000 பவுண்டுக்கு விலை பேசினார். 1799இல் ஆலையும் கைமாறியது, திருமணமும் நடந்தது. சேணக்காரர் மகன் முதலாளி மகளை மணந்தது வர்க்கம் தாண்டிய காதல்தான், சந்தேகமில்லை. ஆனால் சொத்து ஒழிந்ததால் நடந்ததல்ல அது. சொத்து வந்து சேர்ந்ததால் நடந்தது.

'பிலாந்திராபிஸ்ட்': படகில் யார், துடுப்பில் யார்

1825 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கிலிருந்து 'பிலாந்திராபிஸ்ட்' என்ற ஆற்றுப்படகு நியூ ஹார்மனியை நோக்கிக் கிளம்பியது. நீளம் சுமார் 85 அடி, அகலம் 14 அடி. நாற்பது பேர் அளவில் ஏறியிருந்தார்கள். செல்வந்தரும் நிலவியலாளருமான வில்லியம் மக்ளூர், பூச்சியியலில் முன்னோடியான தாமஸ் சே, ஆஸ்திரேலியக் கடலாய்வில் பங்கேற்றுத் திரும்பிய ஓவியர் ஷார்ல் அலெக்சாந்தர் லெஸ்யூர், பிலடெல்பியாவில் பெண்கள் பள்ளி நடத்திய மரி பிரத்தஜோ அம்மையார், அவருடைய மாணவிகள், ஓவனின் மூத்த மகன் ராபர்ட் டேல் ஓவன். 'அறிவு ஏற்றி வந்த படகு' என்றே வரலாற்றில் அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. சில மைல் போவதற்குள் ஒஹாயோ ஆறு உறைந்தது. படகு பனிக்கட்டிக்குள் ஏறத்தாழ ஒரு மாதம் சிக்கிக் கிடந்து, அடுத்த ஜனவரிக் கடைசியில்தான் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் ஒரே இடத்தில் அடைபட்டுக் கிடந்த இளையவர்களிடையே நெருக்கம் உண்டாவது இயல்பு. உண்டானது. தாமஸ் சேயும் லூசி சிஸ்டேரும் அந்தப் பயணத்தில் பழகி, 1827 ஜனவரி 4ஆம் தேதி நியூ ஹார்மனிக்கு வெளியே போய் ஓசையின்றி மணம் செய்துகொண்டார்கள். சே, பிலடெல்பியாவின் பெயர்பெற்ற குவேக்கர் மருத்துவர் வீட்டுப் பிள்ளை. ஆனால் அப்போது கையில் காசில்லாதவர். லூசி, பிரத்தஜோ அம்மையாரின் பள்ளியில் ஓவியம் பழகியவர். பின்னாளில் சேயின் 'அமெரிக்கச் சிப்பியியல்' நூலுக்கு லூசி சிப்பிகளை வரைந்து வண்ணம் தீட்டினார்; 1841இல் பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரும் ஆனார்.

நல்ல காதல் கதைதான். வர்க்கம் தாண்டிய கதையா என்று கேட்டால் தயக்கம் வருகிறது. இருவரும் ஒரே பள்ளிக்கூட, ஓவியக்கூட, அருங்காட்சியக உலகத்தைச் சேர்ந்தவர்கள். பணம் கூடக்குறைய இருக்கலாம். பேச்சும் படிப்பும் ஒன்று. அந்தப் படகில் வர்க்கக் கோடு பயணிகளுக்கு இடையே ஓடவில்லை. பயணிகளுக்கும் கூலிக்குப் படகைச் செலுத்தியவர்களுக்கும் இடையே ஓடியது. பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் படகோட்டிகளைக் குடியேறியவர்களின் கணக்கில் சேர்க்கவே இல்லை. யார் ஏறலாம் என்று தேர்ந்தெடுத்த நேரத்திலேயே பாதி விடை எழுதப்பட்டுவிட்டது என்று சொல்ல இடமிருக்கிறது. 1825 மே மாதத்து நியூ ஹார்மனி விதியும் இதற்குத் துணை நிற்கிறது: எல்லா வகை மனிதரும் உறுப்பினராகலாம், கறுப்பர் நீங்கலாக, அவர்கள் வேண்டுமானால் உதவியாளராக இருக்கலாம்.

ஒரே தொழுவம், ஒரே நடன மண்டபம்

படகில் இல்லாத கலப்பு ஊரில் இருந்தது. படிப்பாளிகள் வருவதற்கு முன்பே சுமார் 800 பேர் அங்கே குவிந்துவிட்டார்கள்: உழவர், கைவினைஞர், ஊர்சுற்றிகள், கொள்கைப் பித்தர்கள். 1826 ஏப்ரலில் வந்து பார்த்த சாக்ஸ்-வைமார் பிரபு பெர்ன்ஹார்டின் பயணக் குறிப்பு இவ்விஷயத்தில் நமக்குக் கிடைக்கும் மிகக் கூர்மையான சாட்சி. அவர் ஒரு பிரபு. அந்த ஓரக்கண் பார்வையைக் கழித்துவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

படகில் வந்த விர்ஜினியா டுபலே என்ற இளம்பெண் பியானோ வாசித்துப் பாடிக்கொண்டிருந்தபோது, மாடு கறக்கும் முறை அவளுடையது என்று ஆள் வந்து அழைத்ததாகவும், கண் கலங்கியபடியே அவள் போனதாகவும் அவர் எழுதுகிறார். கறந்து முடிப்பதற்குள் ஒரு மாடு மிதித்தது, இன்னொன்று அவள் உடுப்பை அழுக்காக்கியது. அன்றே மாலை விர்ஜினியாவும் தோழிகளும் 'இளம் தத்துவவாதி'களோடு படகில் உலாப் போனார்கள். பிரபுவும் உடன் போனார். நடன மாலைகளில் படித்த இளையவர்கள் தங்களுக்குள்ளேயே கூடிக்கொண்டார்கள், சாதாரணக் குடியேறிகளுடன் ஆடுவதைத் தவிர்த்தார்கள் என்றும் குறித்திருக்கிறார். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை என்ற ஏற்பாடும் எடுபடவில்லை. அந்த உடையை உடுத்தியவர்கள் பெரும்பாலும் மேல்வட்டத்தார்தான். ஆக, உடையே அடையாளமாகிப் போனது. பிட்ஸ்பர்க்கிலிருந்து கணவர், பிள்ளைகளோடு வந்த சாரா பியர்ஸ் உறவினருக்கு எழுதிய கடிதங்களிலும் இதே மனக்குறை: முரட்டு மனிதர்களைச் சகோதர சகோதரியாகப் பாவிப்பது தன்னால் ஆகாது.

இந்தச் சாட்சியம் முழுவதும் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது. மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த உழவர் மகன் அந்தப் பெண்களைப் பற்றி என்ன நினைத்தான் என்பது எந்தப் பயணக் குறிப்பிலும் இடம்பெறவில்லை. ஆனால் நிறுவனமே எந்தத் திசையில் நகர்ந்தது என்பது தெரியும். 1826 பிப்ரவரியில் 'சமத்துவச் சமுதாயம்' என்று அறிவித்த ஊர், அவ்வாண்டு மே மாதத்துக்குள் கல்வியாளர் சங்கம், உழவர் சங்கம், கைவினைஞர் சங்கம் என்று தனித்தனியாகப் பிரிந்தது. 1827இல் முயற்சியே கலைந்தது.

திருமணங்களும் அவ்வாறே அமைந்தன. ஓவனின் மூன்று மகன்கள் 1837 மார்ச் 23 அன்று நியூ ஹார்மனியில் ஒரே நாளில் மணம் புரிந்தார்கள். அவர்களில் டேவிட் டேல், ரிச்சர்ட் இருவருக்கும் மணமகள்கள் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஜோசப் நேஃபின் மகள்கள். நேஃப் முன்னாள் படைவீரர், கல்வியாளர் பெஸ்டலோசியின் சீடர், சொத்துக்காரர் அல்லர். பணக்கணக்கில் இது கோடு தாண்டிய மணம், படிப்புக் கணக்கில் தாண்டாத மணம். நியூ ஹார்மனி சொத்தைச் சற்றே மறக்கவைத்து, படிப்பை அதன் இடத்தில் உட்காரவைத்தது என்பதே என் வாசிப்பு.

சோதனையே நடக்கவில்லை என்பார் வாதம்

ஓவனின் பக்கம் நிற்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. அதே ஊரில் வாழ்ந்து 1827இல் 'நியூ ஹார்மனியில் பன்னிரண்டு மாதங்கள்' எழுதிய பால் பிரவுன் சொன்னது இது: நிலம் கடைசிவரை பொதுவுடைமை ஆகவே இல்லை, ஓவன் விற்பவராகவும் கடன் கொடுத்தவராகவும்தான் இருந்தார். சொத்தே ஒழியாதபோது, சொத்தொழிந்தால் காதல் என்னவாகும் என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது? இந்த ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் எந்தச் சோதனை தோற்றாலும் இப்படிச் சொல்லித் தப்பிக்கலாம் என்பதும் உண்மை.

சிக்கல் வர்க்கமா, ஜோடியா?

இருபதாம் நூற்றாண்டுச் சமூகவியல் கேள்வியையே திருப்பிப் போட்டது. இருவர் ஒருவரில் ஒருவர் கரைந்துபோனால் கூட்டத்துக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை; ஆகவே கூட்டு வாழ்க்கை எந்த ஜோடியையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும் என்று 1963இல் பிலிப் ஸ்லேட்டர் வாதிட்டார். ரோசபெத் மாஸ் கான்டர் 1972இல் 30 அமெரிக்கக் குடியேற்றங்களை ஒப்பிட்டார். 25 ஆண்டுகளைத் தாண்டியவை ஒன்பது மட்டுமே. நெடுநாள் நிலைத்தவற்றில் பல, பிரம்மச்சரியத்தையோ கூட்டுமணத்தையோ கைக்கொண்டிருந்தன. ராப்பின் பக்தர்களும் ஒனைடா குடியேற்றமும் எதிரெதிர் வழியில் ஒரே காரியத்தைச் செய்தன: தனி ஜோடியை இல்லாமல் ஆக்கின. ஒனைடாவில் 1848 முதல் 1879 வரை எல்லோரும் எல்லோருக்கும் துணை. ஒருவரை மட்டும் விரும்புவது குற்றம்.

இந்த விளக்கத்துக்கு வலு இருக்கிறது. ஆனால் வர்க்கம் இதில் காணாமல் போய்விடுகிறது. ஒனைடாவின் பட்டறைகளில் வெளியூர்க் கூலியாட்கள் வேலை செய்தார்கள். கூட்டுமணம் அவர்களுக்கு உரியதல்ல. தனி ஜோடியை ஒழித்த ஊர், கூலிக்கும் உறுப்பினருக்கும் நடுவிலிருந்த கோட்டை ஒழிக்கவில்லை.

பெண்ணிய வரலாற்றாசிரியர்களின் திருத்தம் எனக்கு இதைவிடப் பயனுள்ளதாகப் படுகிறது. பார்பரா டெய்லர் 1983இல் எழுதிய 'ஏவாளும் புதிய எருசலேமும்' நூலில், ஓவனின் தளர்ந்த மணமுறைக் கொள்கையை உழைக்கும் பெண்கள் பலர் ஐயத்தோடு பார்த்ததைக் காட்டுகிறார். கைவிட்டுப் போகும் ஆணிடமிருந்து பிள்ளைகளைக் காக்க அவர்களுக்கு இருந்த ஒரே பிடி திருமணம். கரோல் கோல்மர்டன் 1990இல், ஓவனியக் குடியேற்றங்களில் பெண்கள் பொது வேலையும் வீட்டு வேலையும் சேர்த்து இரட்டைச் சுமை சுமந்ததை எடுத்துக்காட்டினார். சுதந்திரக் காதல் யாருக்கு மலிவு, யாருக்கு விலை அதிகம் என்பதே வர்க்கத்தைப் பொறுத்தது என்று இவர்களிடமிருந்து தெரிகிறது. வசதியுள்ளவர்களையும் அந்த விலை விடவில்லை. நியூ ஹார்மனியோடு நெருங்கிய உறவுகொண்ட ஸ்காட்லாந்துச் செல்வி பிரான்சிஸ் ரைட், அதே 'பிலாந்திராபிஸ்ட்' படகில் வந்த பிக்கெபால் தருஸ்மோன் என்ற ஆசிரியரை 1831இல் மணந்தார். கடைசியில் அது சொத்து வழக்காகவும் மணமுறிவாகவும் முடிந்தது.

'ராயல் டார்': ஒரே வர்க்கம், வேறு கோடு

1893 ஜூலை 16ஆம் தேதி சிட்னியிலிருந்து 'ராயல் டார்' கப்பல் பராகுவே நாட்டுக்குப் புறப்பட்டது. சுமார் 220 பேர். தலைவர் வில்லியம் லேன், பத்திரிகையாளர். 1891இல் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றபின், 'நியூ ஆஸ்திரேலியா' என்ற பொதுவுடைமைக் குடியேற்றத்துக்கு ஆள் திரட்டினார். உறுப்பினர் கட்டணம் 60 பவுண்டு; அன்றாடக் கூலிக்கு எட்டாத தொகை, ஆனால் சேர்த்துவைத்த தொழிலாளிக்கு எட்டும். ஆகவே கப்பலில் வர்க்க வேறுபாடு குறைவு.

காதல் கவலை அப்போதும் ஓயவில்லை. பொழுது சாய்ந்தபின் பெண்கள் மேல்தளத்தில் நிற்கக் கூடாது என்று லேன் உத்தரவு போட்டார். கப்பலில் கலகமே எழுந்தது. சமத்துவம் பேசி அழைத்து வந்தவர் தகப்பன்போல் நடக்கிறார் என்பது பயணிகளின் புகார். போய் இறங்கியபின் அவர் வலியுறுத்தியவை மூன்று: மது கூடாது, மணம் வாழ்நாள் முழுவதற்கும், உள்ளூர்ப் பழங்குடிக் கலப்பினப் பெண்களோடு உறவு கூடாது. 1864-70 போரில் பராகுவேயின் ஆண்களில் பெரும்பகுதி மாண்டுபோயிருந்தார்கள். குடியேற்றத்திலோ மணமாகாத ஆண்கள் மிகுதி. அந்த விதி நெடுநாள் தாங்காது என்பதை லேன் தவிர எல்லோரும் அறிந்திருக்கலாம். அடுத்த தலைமுறைகள் உள்ளூரில்தான் பெண்ணெடுத்தன, கொடுத்தன. வர்க்கக் கோட்டை நீக்கிய இடத்தில் நிறக்கோடு வந்து நின்றதும், அதையும் காலம் அழித்ததும் இங்கே நடந்தவை.

இந்தக் குடியேற்றம் ஓர் உண்மையான வர்க்கம் தாண்டிய மணத்தையும் தந்தது. லேன் பிரிந்துபோய் அமைத்த கோஸ்மே ஊருக்கு 1895இல் பள்ளி ஆசிரியை மேரி கேமரன் தனியாகக் கப்பலேறிப் போனார். அங்கே ரோமம் கத்தரிப்பவரான வில்லியம் கில்மோரை 1897இல் மணந்தார். மேரி எழுத்தில் ஊறியவர். கணவர் அதிகம் படிக்காதவர். நாடு திரும்பியபின் அவர் மேரி கில்மோர் என்ற புகழ்பெற்ற கவிஞர் ஆனார். ஆஸ்திரேலியாவின் பத்து டாலர் தாளில் இன்று அவர் முகம் இருக்கிறது. பிற்பாதி வாழ்க்கையில் கணவர் குவீன்ஸ்லாந்தில் மாடு மேய்க்கும் பண்ணையில், மனைவி சிட்னியில் எழுத்து மேசையில். மணமுறிவு இல்லை, கடிதங்கள் போய் வந்தன. 1962இல் மேரி இறந்தபின் அவருடைய அஸ்தி கிளான்கரியில் கணவர் கல்லறையில் சேர்க்கப்பட்டது. வென்ற காதலா, தோற்ற காதலா என்று இதை வகைப்படுத்துவது கடினம். கோஸ்மேயில் பொது வயலும் பொதுப் பள்ளியும் இருந்த மட்டும் இருவரும் ஒரே வாழ்க்கையைப் பகிர்ந்தார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

எங்கே நிற்கிறோம்

படகில் சேர்ந்து போவது வர்க்கத்தைக் கரைக்கப் போதாது என்பதில் சான்றுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. கோடு தாண்டிய மணங்களில் இருவருக்கும் பொதுவாக ஏதோ ஒன்று முன்பே இருந்தது: சே, லூசிக்கு ஓவியமும் சிப்பியும்; ஓவன் மகன்களுக்கும் நேஃப் மகள்களுக்கும் பள்ளிக்கூடம்; மேரிக்கும் கில்மோருக்கும் தொழிற்சங்கக் கொள்கையும் கோஸ்மேயின் அன்றாட உழைப்பும். சேர்ந்து செய்த வேலைதான் பாதை திறந்தது என்ற முடிவை நான் ஏற்கிறேன். ஆனால் இவை கல்வியுள்ளவர் ஒருவரேனும் சம்பந்தப்பட்ட மணங்கள், ஆதலால்தான் எழுத்தில் வந்தன என்ற எச்சரிக்கையோடு. உழவர் சங்கத்துப் பெண் கைவினைஞர் சங்கத்துப் பையனை மணந்தாளா, கூலிப் படகோட்டி எவரேனும் ஊரில் தங்கிக் குடும்பம் ஆனாரா என்பவற்றை நாட்குறிப்புகளிலும் பிரபுக்களின் பயண நூல்களிலும் தேடிப் பயனில்லை. நியூ ஹார்மனி அமைந்த போஸி கவுண்டியின் திருமணப் பதிவுகளையும் குடியேற்றத்தின் உறுப்பினர் பட்டியல்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். இந்தக் கேள்வியை இனி எடுப்பவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது.